சும்மா கிடந்த களம்

பணம் போடுகிறவர் ஒருவர், வாங்குகிறவர் ஒருவர். நடுவில் பணமே இல்லாத மூன்றாமவர் உட்கார்ந்து, அது திரும்பி வருமா என்று எழுதிக் கொடுக்கும் தொழிலுக்கு நிதி ஆய்வு என்று பெயர். எண்பதுகளின் தொடக்கத்தில் நான் அந்த மூன்றாமவன். சென்னையிலிருந்த ஒரு முதலீட்டு நிறுவனம், உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உரக்கடை மாடியில் ஓர் அறை பிடித்து, என்னையும் பக்கத்துப் பெருநகர் கிராமத்து வேதாசலத்தையும் உட்கார வைத்திருந்தது. முனிரத்தினம் என்பவர் தம் பழைய அரிசி மில்லைப் பெரிதாக்க முதல் கேட்டிருந்தார். கொடுக்கலாமா என்று நாங்கள் அறிக்கை எழுத வேண்டும்.

எழுதியதைத் திருத்த வெள்ளிக்கிழமைதோறும் சென்னையிலிருந்து மேனேஜர் வருவார். பெயர் ரகுநந்தன். நிர்வாகக் கல்லூரியில் தங்கப் பதக்கம் வாங்கியவர். வயது இருபத்தேழு. உத்திரமேரூர்க் கோயில் சுவரில் இருக்கும் ஆயிரம் வருஷத்துக் கல்வெட்டு, வாரியத்தில் உட்கார முப்பத்தைந்து வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்கிறது. இவ்வளவு நல்ல விதி ஏன் வழக்கொழிந்தது என்று நான் அடிக்கடி யோசித்ததுண்டு. வேதாசலம் நிரந்தர ஊழியன். எனக்கோ ஆறு மாதத் தகுதிகாண் பருவம். முடிவில் என்னை வைத்துக்கொள்ளலாமா, அனுப்பிவிடலாமா என்று எழுத வேண்டிய படிவம் மேனேஜருடைய பெட்டியில் இருந்தது. மேலதிகாரி வாய்க்கப்பெற்ற உங்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

நாலு கட்டம்

உலகத்தில் எதுவாயினும் நாலு கட்டத்துக்குள் அடங்கும் என்பது மேனேஜரின் சித்தாந்தம். பலம், பலவீனம், வாய்ப்பு, ஆபத்து. நான் ஊர் ஏரியைப் பலத்திலும் எழுதியிருந்தேன், ஆபத்திலும் எழுதியிருந்தேன். "ஒரே ஐட்டம் ரெண்டு பாக்ஸ்ல வரக்கூடாது. ஒண்ணை அடிங்க" என்று சிவப்புப் பேனாவை நீட்டினார்.

எதை அடிப்பதென்று தெரியவில்லை. எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த முனிரத்தினத்திடமே கேட்டேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "ஏரி ரொம்பினா ஊரு சாப்புடும், ஒடஞ்சா அது ஊரையே சாப்புடும். நீ எத்தினி கட்டம் போட்டாலும் ஏரி ஒண்ணுதான் கீது நைனா."

ஒன்று முதல் ஐந்து வரை

அடுத்த வெள்ளிக்கிழமை மேனேஜரோடு ஒரு வினாத்தாளும் வந்தது. 'தாங்கள் அரிசி கொள்முதல் செய்யும் முடிவைப் பாதிக்கும் காரணிகளை ஒன்று முதல் ஐந்து வரை வரிசைப்படுத்துக.' ஆங்கிலத்தில் எழுதியதை யாரோ தமிழில் பெயர்த்திருந்தார்கள். தமிழ் அதற்குச் சம்மதித்ததாகத் தெரியவில்லை.

சாலவாக்கத்தில் முதலில் அகப்பட்டவர், தலையில் புல்லுக்கட்டோடு வயலிலிருந்து வந்த ஓர் அம்மாள். வேதாசலம் வாசித்தான். மேனேஜர் புளியமர நிழலில் நின்று தலையசைத்து ஊக்கப்படுத்தினார். அந்த அம்மாள் கட்டை இறக்காமலே கேள்வி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு எங்கள் மூவரையும் ஒரு தடவை பார்த்தார். "நெல்லு வெளையற ஊர்ல வந்து அரிசி எங்க வாங்கறேன்னு கேக்கறீங்களே, வூட்ல சொல்லிக்கினுதான் வந்தீங்களா?"

ஐடில் அசெட்

முனிரத்தினத்தின் திட்டத்தில் இயந்திரத்துக்கு அடுத்த பெரிய செலவு, அவித்த நெல்லைக் காயப்போட ஒரு சிமெண்டுக் களம். மேனேஜர் மில்லைப் பார்க்க வந்தது அமாவாசையன்று, மில்லுக்கு லீவு. பழைய களத்தில் ஒரு நாய் மட்டும் காய்ந்துகொண்டிருந்தது. அவர் அதை வெகுநேரம் பார்த்தார். நாயை அல்ல, களத்தை. "இவ்வளவு இடம் சும்மா கிடக்குது. ஐடில் அசெட். புதுக் களத்தைத் திட்டத்துலேர்ந்து எடுத்துடுங்க, ரிட்டர்ன் எப்படி ஏறுதுன்னு பாருங்க."

எடுத்துப் பார்த்தேன். ஏறத்தான் செய்தது. களம் போதாவிட்டால் அவித்த நெல் குவியலிலேயே புளித்து நாறும் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்து அவர் கால்குலேட்டரைத் தேடிப் பெட்டியைத் திறந்தார். என் படிவத்தின் நுனி தெரிந்தது. மூடிக்கொண்டேன், வாயை. கார் திருப்புலிவனம் பக்கம் திரும்பி மறையும் வரை காத்திருந்து வேதாசலம் சொன்னான்: "அந்தாள் வூட்ல அடுப்புகூட பாதி நாள் சும்மாதான் கீது. அதையும் எட்த்துட்டு துன்னச் சொல்லேன்."

எரிபொருள் செலவு: இல்லை

களத்தை எடுத்தால் முனிரத்தினம் கெடுவார். எடுக்காவிட்டால் நான் கெடுவேன். இரண்டு நாள் யோசித்தேன். பிறகு 'களம்' என்ற சொல்லை மட்டும் அடித்துவிட்டு, அதே அளவுக்கும் அதே செலவுக்கும் நேராக எழுதினேன்: 'சூரிய சக்தியால் இயங்கும் உலர்த்து அமைப்பு. எரிபொருள் செலவு: இல்லை. அசையும் பாகங்கள்: இல்லை.' பொய் ஏதாவது இருக்கிறதா என்று நாலு தடவை படித்தேன். எனக்கு அகப்படவில்லை.

மேனேஜர் படித்தார். எழுந்து நின்று இன்னொரு தடவை படித்தார். "இதைப் பின்னாடி ஒளிச்சு வெச்சிருக்கீங்களே! முதல் பக்கத்துக்குக் கொண்டுவாங்க. இந்த ஐடியா எனக்கே போன வாரம் தோணிச்சு."

பாதி கீழே, பாதி மேலே

நான் எதிர்பாராதது ஒன்றுதான். சூரிய சக்தி என்றதும் தலைமை அலுவலகமே கிளம்பிவிட்டது. ஜெனரல் மேனேஜர், ஓய்வுபெறும் வயதிலிருந்த பெரியவர், பழைய மில்லில் ஒரு சிறிய மாதிரி இருக்கிறது என்று அறிக்கையில் படித்துவிட்டு, அதைப் பார்க்க நேரில் வந்தார். கொளுத்தும் வெயில். களம் நிறைய நெல். நாலு பெண்கள் வரிசையாக நடந்து காலால் துழாவிக்கொண்டிருந்தார்கள். கூட வந்த எங்கள் மேனேஜர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "யூனிட் எங்கே?" என்றார். முனிரத்தினம் தரையையும் வானத்தையும் காட்டினார். "பாதி கீழ கீது சார், பாதி மேல கீது."

 என் படிவம் காற்றில் பறப்பதை நான் மனக்கண்ணால் பார்த்தேன். ஜெனரல் மேனேஜர் செருப்பைக் கழற்றிவிட்டுக் களத்தில் இறங்கினார். ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தார். பிறகு அறிக்கையைப் பிரித்து, அசையும் பாகங்கள் இல்லை என்று போட்டிருக்கிறதே என்றார். துழாவிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி நின்றாள். "இன்னா சார், நாங்க அசையலன்னா நெல்லு எங்க காயும்?"

படிவம்

பெரியவர் வயிறு குலுங்கச் சிரித்தார். புதுக் களத்துக்கு அங்கேயே ஒப்புதல் தந்தார். பெயரை மட்டும் களம் என்றே மாற்றச் சொன்னார். அவர் போன பிறகு மேனேஜர் உரக்கடை மாடிக்கு வந்து பெட்டியைத் திறந்தார். "களம் வேணும்னு அன்னிக்கே ஏன் சொல்லல?" என்று கேட்டார். "பெட்டி திறந்திருந்துது சார்" என்றேன். அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேனாவை எடுத்து ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்: 'வைத்துக்கொள்ளலாம், நிர்வாகப் பொறுப்புக்கு ஏற்றவர்.' வேதாசலம் அதை இரண்டு தடவை படித்துவிட்டு என் தோளில் கைபோட்டான். "மாட்னடா! உன்னையும் அவுங்க கூட்டத்துல சேத்துட்டான்."

அவன் வாக்குப் பலித்து, பின்னாளில் நானும் சிவப்புப் பேனாவோடு ஊர் ஊராகப் போகும் மேனேஜரானேன். ஆனால் எரிபொருள் செலவு இல்லை என்று எந்தப் பையன் எழுதியிருந்தாலும், முதலில் பெட்டியை மூடிவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு தடவை நடந்து பார்த்துவிடுவேன்.