நீதிமன்றத்துக்குப் பார்த்த மேடு

திருகோணமலைத் துறைமுகத்துக்கு மேலே ஒரு மேட்டில், பழைய ஆங்கிலக் கடிதமொன்றின் நகலோடு நிற்கிறேன். நீதிமன்றம் கட்ட இடம் தேடிய வெள்ளைக்கார அதிகாரி எழுதியது. இந்த மேட்டை அவருக்கு நிரம்பப் பிடித்திருக்கிறது. ஏனோ கட்டடம் வேறிடத்தில்தான் எழும்பியது. துறைமுகத்துக்கு அவர் சொன்ன தூரத்தை அடிவைத்து எண்ணத் தொடங்குகிறேன்.

வேலிக்கு அப்பால் துணி காயப்போடும் பெண் வாளியைக் கீழே வைக்கிறார்.

"ஆர் அனுப்பி அளக்கிறீங்கள்?"

"ஒருத்தரும் இல்லை அக்கா. யாழ்ப்பாணத்திலயிருந்து வாறன். வெள்ளைக்காரன் கோட்டுக்குப் பார்த்த இடம் எண்டு வாசிச்சனான். அதை எழுதத்தான்."

"போன மாசம் வந்தவையும் பழங்கதைதான் கேட்டவை. பிறகு இது அரசாங்கக் காணி எண்டு கல்லு நட்டிட்டுப் போட்டினம்."

வேலி மூலையில் மஞ்சள் பூசிய எல்லைக்கல் புதிதாக நிற்கிறது.

"அந்தக் கடதாசியில எங்கட ஆக்கள் இஞ்ச இருந்த கதை இருக்கோ?"

மறுபடி வாசிக்கிறேன். கடற்காற்று, நல்ல தண்ணீர், துறைமுகத்துக்கு உள்ள தூரம். மனிதரைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

"இல்லை அக்கா."

"அப்ப அதை ஒருத்தருக்கும் காட்டாதேங்கோ."

மடித்துப் பைக்குள் வைக்கிறேன். நான் ஓட்டோவில் ஏறும்வரை அவர் வேலியை விட்டு அசையவில்லை.