வலைப்பந்துத் தளத்தில் காய்ந்த நெல்

எங்கள் ஊருக்கு வலைப்பந்துத் தளம் கிடைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதில் நெல்லைக் காயப்போட்டுவிட்டார்கள். போட்டவர் வேறு யாருமில்லை, என் பெரியப்பா.

அந்தத் தளத்துக்காக என் சின்னம்மா அலைந்த அலைச்சல் ஊருக்கே தெரியும். அவர் பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தர். பொடியன்களுக்குக் கிரிக்கெட் விளையாட மைதானம் இருந்தது, கரப்பந்து வலை இருந்தது, குந்தியிருந்து கதையளக்க வாவிக்கரை முழுக்க இருந்தது. பெண்பிள்ளைகளுக்கென்று ஒன்றும் இல்லை. சின்னம்மாவின் ஸ்கூட்டி போகாத அரச கந்தோர் இல்லை. கடைசியில் மைதானத்தின் ஒரு மூலையில் சீமெந்துத் தளம் வந்தது, வளையம் வைத்த கம்பங்கள் வந்தன. வராதது பிள்ளைகள்தான்.

ஓர் அணிக்கு ஏழு பேர் வேண்டும். வந்தது நாலு பேர். பத்து வயதான நான் என்னைச் சேர்க்கச் சொல்லி அடம்பிடித்தேன்; நான் எறிந்த பந்து வளையத்துக்குப் பாதி உயரம்கூடப் போகாததைப் பார்த்துவிட்டு, என்னைப் பந்து பொறுக்க விட்டார் சின்னம்மா. பெரிய அக்காமாரின் வீடுகளில் ஒரே பதில்: குமர்ப்பிள்ளைகள் அந்திநேரத்தில் மைதானத்தில் நின்று குதிப்பதா? அப்படிச் சொன்னவர்களில் முதல் ஆள் பெரியப்பா. ஊரில் அதிகம் வயல் வைத்திருப்பவர், எல்லோருக்கும் போடியார். அவர் விடாததை மற்றவர்களும் விடமாட்டார்கள். இத்தனைக்கும் அவருடைய மகள், என் அக்கா, பாடசாலையில் கோல் கீப்பராக நின்றால் ஒரு பந்தும் வளையத்தை எட்டிப் பார்க்காது. பாடசாலை விட்டால் வீடுதான். வரப்போகும் பிரதேச வலைப்பந்துப் போட்டிக்கு அணி சேராவிட்டால் தளத்தைக் கரப்பந்துக்கு எடுத்துவிடுவோம் என்று பொடியன்களின் கழகம் சொல்லித் திரிந்தது.

அப்போதுதான் வயல்களில் வெள்ளாமை வெட்டும் தொடங்கியது. ஒரு நாள் பின்னேரம் பந்தோடு போகிறோம், தளம் முழுக்க ஈர நெல் பரவிக் கிடக்கிறது. நடுவில் பெரியப்பா காலால் கிளறிக்கொண்டு நிற்கிறார்.

"என்ன பெரியத்தான், இது நெல்லுக்குப் போட்ட தளமா?" என்றார் சின்னம்மா.

"கோவிக்காத மச்சாள். றோட்டில போட்டா பஸ் ஏறிப் போகுது. இது பாரு, தட்டு மாதிரிக் கிடக்கு. கவுமேந்தும் எங்களுக்கு ஒரு நல்ல வேல செஞ்சிரிக்கு எண்டு நினைச்சன்."

இன்றைக்கு யுத்தம்தான் என்று நான் ஆவலோடு நின்றேன். சின்னம்மா கோபப்பட்டால் கந்தோரில் பெரிய ஐயாமாரே கதிரையை விட்டு எழும்புவார்களாம். ஆனால் அவர் தளத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார், அவ்வளவுதான்.

"சரி, காயவைங்க. ஆனா நாலு மணிக்கெல்லாம் ஓரமாக் குவிச்சுப் படங்கால மூடிரணும். ஆர்ர நெல்லோ அவர் வந்திருந்து காவல் பாக்கணும். மாடு வந்தாலும் பந்து வந்தாலும் நான் பொறுப்பில்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "விட்டுக்குடுத்திட்டீங்களே சின்னம்மா!"

"பந்த எடு புள்ள."

செய்தி பரவி, ஊரில் பாதிப்பேரின் நெல் அங்கே வந்தது. நெல்லோடு அப்பாமாரும் வந்தார்கள். தளத்தைச் சுற்றிக் குவியல்கள், குவியலுக்குப் பக்கத்தில் கதிரைகள், வாயில் வெற்றிலை. அப்பா இருக்கும் இடத்துக்குத் தேத்தண்ணி கொண்டுபோவதை யார் தடுப்பது? பிளாஸ்க்கும் கையுமாக அக்காமார் வந்து ஓரத்தில் நின்றார்கள். பெரியப்பா முதலில் தளத்துக்கு முதுகைக் காட்டித்தான் இருந்தார். பிறகு எப்போது கதிரையைத் திருப்பினாரோ தெரியாது, ஒரு நாள் பந்தைப் பிடித்துக்கொண்டு யோசித்து நின்ற பிள்ளையைப் பார்த்து, "எறியன் புள்ள, மூண்டு செக்கன் போயிட்டு!" என்று கத்தினார். பந்தை மூன்று செக்கனுக்குமேல் கையில் வைத்திருக்கக் கூடாது என்ற சட்டம்வரை பார்த்தே படித்துவிட்டிருந்தார்.

சின்னம்மா அதற்காகவே காத்திருந்தவர்போல விசிலை ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். "பெரியத்தான், கோல் கீப்பர் இல்லாம விளையாட்டு நிக்கிது."

பெரியப்பா மற்ற அப்பாமாரைப் பார்த்தார். தன் நெல்லைப் பார்த்தார். பிறகு அக்காவிடம் எரிந்து விழுந்தார்: "என்ன பாத்துக்கு நிக்காய்? போய் நில்லன். நான் இஞ்சதானே இரிக்கன்!"

அக்கா பிளாஸ்க்கை என் கையில் திணித்த வேகத்தில் தேத்தண்ணி பாதி என் சட்டையில். அடுத்த நாளே இன்னும் இரண்டு வீடுகளிலிருந்து பிள்ளைகள் இறங்கினார்கள். ஏழு பேர். போட்டியில் பெரியகல்லாற்றுப் பிள்ளைகளிடம் நன்றாக வாங்கிக்கட்டினோம், அது வேறு. தளம் இன்றும் பெண்பிள்ளைகளிடம்தான் இருக்கிறது. நான் இப்போது பல்கலைக்கழகத்தில் இதையே ஒரு பாடமாகப் படிக்கிறேன்: பொது இடம் கட்டினால் போதாது, சனங்களை எப்படி வரவைப்பது? பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். சின்னம்மா அதை ஈர நெல்லை வைத்துச் செய்துகாட்டிய மனுசி.

ஆனால் அன்றைய எனக்கு நெல்மேல் கோபம் தீரவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஆலையிலிருந்து லொறி வந்தது. ஆலைக்காரர் ஒரு பிடி அள்ளி, ஒரு நெல்லைக் கடித்துப் பார்த்தார்.

"கல்லு மாதிரிக் காஞ்சிட்டு போடியார். இன்னும் காஞ்சா அரிசி உடஞ்சிரும். ஏத்துவமா?"

எனக்குத் துள்ளவேண்டும்போல இருந்தது. பெரியப்பாவும் ஒரு நெல்லைக் கடித்தார். நெடுநேரம் மென்றார். தளத்தில் அக்கா கையை உயர்த்திப் பந்தைத் தட்டிவிட்டாள்.

"இல்ல," என்றார் பெரியப்பா. "இன்னும் வெயில் வேணும். திங்கக்கிழம வாங்க."

"ஓம் ஓம், என்ர நெல்லும் ஈரந்தான்," என்றார் பக்கத்துக் கதிரைக்காரர். அடுத்தவரும் தலையாட்டினார். ஆலைக்காரர் எல்லோர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு வெறும் லொறியோடு திரும்பினார்.

நான் வீட்டுக்கு ஓடினேன். அம்மா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, பெரியப்பாக்கு நெல்லுக் காயவைக்கவே தெரியாது! ஆலைக்காரர் காஞ்சிட்டு எண்டு சொல்லியும் கேக்கிறார் இல்ல! அங்க இரிக்கிற ஒருத்தருக்கும் தெரியாது!"

நடந்ததை முழுக்கக் கேட்ட அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். வாழ்நாள் முழுக்க வெள்ளாமை செய்தவர்களுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று நான் கவலையோடு சொல்லிக்கொண்டிருக்கிறேன், இவர் ஏன் சிரிக்கிறார் என்று எனக்கு இன்னும் கோபம் வந்தது.