படலேலமும் என் தேயிலைப்பெட்டி மறைப்பும்

குமுளியில் சொந்தமாக ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் கட்டினேன், ஜீப் ஏறவே ஏறாது என்று எல்லாரும் கைவிட்ட மேட்டுக்குப் பாறையை உடைத்து ரோடு போட்டேன், அதன் உச்சியில் மாடிவீடும் கட்டினேன். இத்தனையும் நாலாம் வகுப்போடு நின்றுபோன ஆள்தான் செய்தது. ஆனால் என் கை முதன்முதலில் கட்டிய பொருளை நினைத்தால் இன்றும் மூக்கில் ஏறுவது, மழையில் ஊறிய தேயிலைப்பெட்டிப் பலகையின் மணம்தான்.

போன கிறிஸ்துமசுக்குப் பெங்களூரிலிருந்து வந்த என் மகள் லில்லி, ஒரு விளையாட்டுப் பெட்டியைப் பிரித்து மேசைமேல் பரப்பினாள். ஓவியங்களை ஏலம் விடும் விளையாட்டாம். எந்த ஓவியருடைய படங்கள் அதிகம் விற்கின்றனவோ அவருக்கே மதிப்பு ஏறுமாம். அதை விளையாடுகிறவர்கள், வைக்கும் காசு அடுத்தவர் கண்ணில் படாமலிருக்கத் தாங்களாகவே அட்டையில் மடித்த மறைப்புகள் செய்து, அளவுகளை இன்டர்நெட்டில் போட்டு, ஊருக்கெல்லாம் கொடுக்கிறார்களாம். மறைப்பைக் கையில் எடுத்துப் பார்த்தேன். இது என் சரக்கு அல்லவா!

வண்டிப்பெரியாற்றுப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில்தான், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில்தான், நான் வளர்ந்தேன். நூல் போல மெலிசாக, நாள் கணக்கில் விடாமல் பெய்யும் மழைக்கு எங்கள் பக்கத்தில் "நாற்பதாம் நம்பர் மழை" என்று பெயர். அது பிடித்துக்கொண்டால் பிள்ளைகள் எல்லாரும் லயத்தின் ஆளில்லாத கடைசி வீட்டில் கூடி "படலேலம்" விளையாடுவோம். ஏலத்துக்கு மலையாளத்தில் லேலம் என்பார்கள். எங்கள் வாயிலும் அதுதான் வரும். காலண்டரில் கிழித்த சாமி படம், மாதா படம், ஜவுளிக்கடைப் படம், சினிமா நோட்டீஸ் எல்லாம் சரக்கு. புளியங்கொட்டைதான் காசு. வாரக் கடைசியில் எந்த இனப் படம் அதிகம் விற்றிருக்கிறதோ அதற்குத்தான் மதிப்பு. அதை வைத்திருப்பவருக்குப் பொதுச்சட்டியிலிருந்து படத்துக்கு ஒரு சிரட்டை நிறையக் கொட்டை கிடைக்கும். மற்றதெல்லாம் வெறும் காகிதம்.

விலை கேட்பதும் வாயால் அல்ல. என் கூட்டாளி சூசையின் அப்பா கம்பம் சந்தையில் மாட்டுத் தரகர். அங்கே போல விற்கிறவன் கைமேல் துண்டைப் போட்டு, அடியில் அவன் விரலைப் பிடிக்க வேண்டும். ஒரு விரல் என்றால் ஒரு கைப்பிடிக் கொட்டை, முழுக்கையும் பிடித்தால் அஞ்சு கைப்பிடி. "துண்டுக்குள்ள கைதாம்ல பேசணும், வாயத் தொறந்தா மாடு போயிரும்" என்பார் அவர். எந்தப் படம் வந்தாலும் எல்லாரும் ஒரு விரலாவது பிடித்தே ஆக வேண்டும் என்பதும் சட்டம்.

ஒரு வருசத்து மழைக்கு, எங்களோடு விளையாடும் ரோசம்மாவின் வீட்டில் கூரை ஒழுகி மாதா படம் நைந்து போயிருந்தது. என்னிடம் புதுசாக ஒரு மாதா படம் இருந்தது. அதை லேலத்தில் எடுத்துத் தன் அம்மாவுக்குக் கொடுக்க வேண்டும் என்றே அவள் கொட்டைகளைச் சேர்த்து வைத்திருந்தாள். அதற்கு முன்னால் சூசை பூச்சிமருந்துக் காலண்டரில் வந்த பச்சைப்புழுப் படத்தை விலைக்கு வைத்தான். யாருக்கு வேண்டும் புழு? எல்லாரும் ஒப்புக்கு ஒரு விரல் பிடித்தோம். ரோசம்மா அப்போதுதான் குளிரில் தண்ணீர் சுமந்துவிட்டு வந்திருந்தாள். மரத்துப்போன கை, ஒரு விரலை மட்டும் பிரித்துப் பிடிக்க முடியாமல், சூசையின் முழுக்கையையும் கவ்விவிட்டது.

"புழு ரோசம்மாவுக்கு" என்றான் சூசை. அவளிடம் இருந்த கொட்டை அத்தனையும் போயிற்று. வாயைத் திறக்கக் கூடாது என்பதால் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். சூசை அதே காலண்டரிலிருந்து அடுத்த புழுப் படத்தை எடுத்ததும், "இவ சும்மா அஞ்சு குடுப்பாளா, என்னமோ இருக்கு" என்று ஆளாளுக்கு முண்டியடித்தார்கள். அந்த வாரம் முழுக்கப் புழுதான் விற்றது. சாமியும் சினிமாவும் கீழே கிடக்க, புழு உச்சிக்கு ஏறி, ரோசம்மாவுக்குச் சிரட்டை நிறையக் கொட்டை வந்துவிட்டது.

ஆனாலும் அவள், "துண்டுன்னா இனி நான் வரல, கை சொன்ன பேச்சு கேக்காது" என்று நின்றுவிட்டாள். அன்றுதான் ஃபாக்டரி ஓரத்தில் கிடந்த உடைந்த தேயிலைப்பெட்டியைக் கேட்டு வாங்கி, பலகையை அறுத்து, பழைய செருப்பு வாரைக் கீலாக அடித்து, ஆளுக்கொரு மறைப்பு செய்தேன். உள்ளே கொட்டையை வைத்துவிட்டு எல்லாரும் ஒரே நேரத்தில் மறைப்பைத் தூக்க வேண்டும், அதிகம் வைத்தவருக்குப் படம். துண்டு வேண்டாம், விரல் வேண்டாம்.

மாதா படம் விலைக்கு வந்தது. சூசைக்கும் அதன்மேல் கண். அவன் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்ப்பதைப் பார்த்தேன். பெட்டிக்குள் ஒட்டியிருந்த ஈயத்தாள் உள்பக்கமாக இருந்ததால், ரோசம்மாவின் கொட்டைகள் அதில் கண்ணாடி போலத் தெரிந்தன. "அங்க என்னல பாக்க?" என்று அதட்டி, அவள் மறைப்பை ஈயத்தாள் வெளியே வரும்படித் திருப்பி வைத்தேன். அவள் இருந்த கொட்டையெல்லாம் உள்ளே தள்ளினாள். மறைப்புகள் தூக்கப்பட்டன. மாதா அவளுடையவள்.

அந்த மாதா இப்போது என் மாடிவீட்டுச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறாள். ரோசம்மாவைத்தான் நான் கட்டினேன். மாமியார் சீராகக் கொடுத்த படம் அது. தேயிலை இப்போது காகிதச் சாக்கில் போகிறது, ஏலக்காய் ஏலத்தில் பட்டனை அமுக்குகிறார்கள், துண்டுக்குள் கை கொடுத்தவர்களும் இல்லை, நாற்பதாம் நம்பர் மழைகூட முன்போல் பிடிப்பதில்லை.

இத்தனையும் கேட்டபிறகு லில்லி சிரித்துக்கொண்டே ஒரு காகிதத்தை நீட்டினாள். துண்டு முறையும் பலகை மறைப்பும் சேர்த்து, அந்த ஓவிய விளையாட்டுக்குக் கூடுதல் சட்டங்களாக அவள் முன்பே தயாரித்து வைத்திருந்த துணைத்தாள். அடியில் "நன்றி: குமுளி சூசை மாமா" என்று இருந்தது. டவுனில் பலசரக்குக்கடை வைத்திருக்கும் சூசை, எல்லாம் தன் வேலை என்று அவளிடம் ஏற்கெனவே அளந்திருக்கிறான். ஃபோன் போட்டால், "ஏலே அந்தோணி, துண்டு யாருதுல?" என்கிறான்.

"ரெண்டு பேரும் அடிச்சுக்காதீங்க. புழுவ வாங்குனது நானு" என்றாள் ரோசம்மா அடுப்படியிலிருந்து.

சரி. துண்டுக்குச் சூசை பெயர் இருக்கட்டும், புழுவுக்கு ரோசம்மா பெயர் இருக்கட்டும். ஆனால் மறைப்பு என்னுடையது, ஈயத்தாளை வெளியே திருப்பியதும் நானே. தாளை இன்டர்நெட்டில் போடுவதற்கு முன்னால், லில்லி, எல்லாவற்றுக்கும் மேலே, பெரிய எழுத்தில், அந்தோணி என்று போடு.