சரியாக எழுதினால் ஒரு நட்சத்திரம்

அண்ணன் மகள் நேற்று ஆங்கில நோட்டைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். ஒருவர் இன்னொருவரைக் கொண்டு ஒரு வேலையைச் செய்ய வைப்பதைச் சொல்லும் வாக்கியங்கள் பத்து. மேக், ஹேவ், கெட் போட்டு எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். முதல் வாக்கியம், அம்மா என்னைப் பால் குடிக்க வைத்தாள். நான் பேனாவைத் திறக்காமல், "இது நெசமா?" என்று கேட்டேன்.

"ஐயோ அத்தை, சும்மா எழுதுனது. தப்பு இருந்தாத் திருத்துங்க" என்றாள். இப்படியொரு கிறுக்கு அத்தை யாருக்கும் வாய்க்கக் கூடாது என்று நினைத்திருப்பாள். தலைப்பை ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்தாள். அந்த நெடிக்கும் எனக்கும் பழைய பகை.

அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் ஆறு வருஷம் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்தினேன். ஒரு வெள்ளைப் பலகை, நாலு மார்க்கர், இருபது பிளாஸ்டிக் நாற்காலி. ஜன்னலைத் திறந்தால் பஸ் புகை வரும், மூடினால் மார்க்கர் நெடி. கீழே பகல் முழுக்கப் பாஸ்போர்ட்டுகளை நகல் எடுத்துக்கொண்டிருப்பார்கள், சூடான காகித வாசனை மாடிப்படி ஏறி வரும். படிக்க வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வளைகுடாவுக்குப் போகக் காத்திருந்தவர்கள். கொத்தனார், டிரைவர், ஏசி மெக்கானிக். நானோ திருச்சியைத் தாண்டி எங்கும் போனதில்லை, ஒரு வெள்ளைக்காரரிடமும் வாய் திறந்து பேசியதில்லை. ஆனாலும் துபாயில் எப்படிப் பேச வேண்டும் என்று அடித்துச் சொல்வேன். பாவம், நம்பினார்கள்.

கருப்பையா பெயிண்டர். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். வகுப்புக்குப் பெயர்ப்பலகை எழுத வந்தவர், எழுதி முடித்த கையோடு வகுப்பிலும் சேர்ந்துவிட்டார். நகக்கண்ணில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும். டர்பன்டைன் வாடையோடுதான் வந்து உட்காருவார். இந்தப் பாடத்தை நடத்திய அன்று நான் பலகையில், "ஐ ஹேட் மை ஹவுஸ் பெயிண்டட்" என்று எழுதி, ஆள் வைத்து வீட்டுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டேன் என்று அர்த்தம் சொன்னேன். கருப்பையா கையைத் தூக்கினார்.

"டீச்சர், அடிச்ச ஆளு எங்க?"

"அவர் இதுல வரத் தேவையில்லை. வேலை நடந்துச்சுல்ல, அதுதான் முக்கியம்."

"அப்ப நாங்கெல்லாம் இந்த வாக்கியத்துக்குள்ள வரவே மாட்டமா?"

வகுப்பே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

என் வகுப்பில் ஒரு கட்டளை உண்டு. விமானம் ஏறிப் போன பிறகும் தினம் ஒரு வாக்கியம் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். புத்தகத்தைப் பார்த்து எழுதக் கூடாது, சொந்த வாழ்க்கையிலிருந்து எழுத வேண்டும். தப்பிருந்தால் திருத்தி அனுப்புவேன். சரியாக இருந்தால் ஒரு மஞ்சள் நட்சத்திரம். மீசை வைத்த மனிதர்கள் அந்த நட்சத்திரத்துக்கு ஏங்குவதில் எனக்கு ஒரு பெருமை, உங்களிடம் ஒளிப்பானேன். பெரும்பாலானவர்கள் அங்கே போய்ச் சேர்ந்த வாரமே நிறுத்திவிடுவார்கள். வளைகுடாவுக்குப் போன கருப்பையா மட்டும் நிறுத்தவில்லை.

என்னை வெயிலில் வேலை செய்ய வைக்கிறார்கள் என்று ஒரு நாள் வந்தது. நடுவில் ஒரு வார்த்தை அதிகம், எடுத்துவிட்டு அனுப்பினேன். வாசிக்க விடாமல் ஒரு தாளில் கையெழுத்துப் போட வைத்தார்கள் என்று வந்தது. காலம் தப்பு, மாற்றினேன். மத்தியானம் வரை தண்ணீர் குடிக்க விடுவதில்லை என்று வந்தது. எழுத்துப்பிழை ஒன்று. அவர் என்ன சொல்கிறார் என்று நான் நினைத்துப் பார்த்தேனா என்று கேட்டால், இல்லை. பாடம் எப்படிப் பதிந்திருக்கிறது என்று பூரித்துப்போய், அந்த வெயில் வாக்கியத்தை அடுத்த பேட்ச்சுக்கு உதாரணமாகப் பலகையில் எழுதிப்போட்டேன்.

முன்வரிசையில் இருந்த டிரைவர் ஒருவர், "இது நெசமா நடந்ததா டீச்சர்?" என்று கேட்டார்.

"வாக்கியத்தை மட்டும் பாருங்க" என்றேன்.

இருபது பேரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் அவர்களும் விமானம் ஏறினார்கள்.

ஒன்றரை வருஷத்தில் கருப்பையாவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். புதுக்கோட்டையில் டயாலிசிஸ் வார்டில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு ஒரு பை சாத்துக்குடியோடு போனேன். தண்ணீரில்லாமல் வெயிலில் கிடந்து இரண்டு கிட்னியும் போய்விட்டதாம். அவர் அந்தப் பழத்தையும் தின்னக் கூடாது என்று நர்ஸ் சொன்னார். பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன். கருப்பையா எழுந்து உட்காரப் பார்த்தார்.

"நாம பேசுற இங்கிலீஷக் கேட்டு அங்க ஆபீஸ்ல சிரிப்பாய்ங்க டீச்சர். அதான் ஒங்களுக்கு அனுப்பித் திருத்தி வாங்கி, மறுநாளு போயி அதையே சொல்லுவேன். ஒங்க திருத்தம் வாரவரைக்கும் பாத்துக்கிட்டே இருப்பேன்."

"எங்கிட்ட நேராச் சொல்லியிருக்கலாமேண்ணே."

அவர் என்னைப் பார்த்தார். முகத்தில் கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

"சொன்னேனே டீச்சர். தெனமும் சொன்னேனே."

அந்த ஐப்பசியில் இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ராணி டீ கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"எனக்குப் போன் போட்டா நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவாக. ஒங்களுக்கு மட்டும் என்னமோ எழுதிக்கிட்டே இருந்தாகளாமே. என்ன எழுதுனாக? வாசிங்க டீச்சர்."

வாசித்தேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாதென்பதால் ஒவ்வொன்றையும் தமிழில் சொன்னேன். அத்தனை நாளில் ஒரு தடவைகூட அவற்றை நான் தமிழில் சொல்லிப் பார்த்ததில்லை. ராணி அழவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டினார். கடைசியாக வந்தது, என்னை ஆஸ்பத்திரிக்குப் போக விடவில்லை என்ற வாக்கியம். அதில் ஒரு தப்பும் இல்லை.

ராணி போனை வாங்கிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"இதுக்குக் கீழ மஞ்சளா ஒண்ணு இருக்கே, அது என்ன?"

"நட்சத்திரம். சரியா எழுதுனாப் போடுறது."

அவர் போனைத் திருப்பித் தந்துவிட்டு, டீ ஆறிப்போகுது குடிங்க என்றார்.

அந்த மாதமே வகுப்பை மூடிவிட்டேன். மாடியில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். ஜெராக்ஸ் கடையும் இல்லை. மிச்சமிருப்பது அந்தப் பெயர்ப்பலகை ஒன்றுதான், எங்கள் வீட்டுக் கொல்லையில் சுவரோரம் சாத்தியிருக்கிறது. போர்டு எழுதுகிறவர்கள் கீழ் மூலையில் தங்கள் பேரைப் பொடி எழுத்தில் போட்டுக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். கருப்பையாவும் போட்டிருந்தார். படிக்கிற இடத்துப் போர்டில் பெயிண்டர் பேர் எதற்கு, பார்க்க நன்றாக இல்லை என்று நான்தான் சொன்னேன். மழையில் எழுத்தெல்லாம் உரிந்து, என் பேரே பாதிதான் தெரிகிறது. அந்த மூலையில் மட்டும் வெள்ளைப் பெயிண்ட் இரண்டு பூச்சு, இன்னும் கெட்டியாக இருக்கிறது. அதை அவரைக் கொண்டே அடிக்க வைத்தேன்.