ஆஸ்பத்திரி வாசலில் கேட்ட துக்கம்

எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டை, ஓரளவு தெரிந்தவர் வீடாக இருந்தாலும், யாரும் சும்மா தாண்டிப் போக மாட்டார்கள். ஆண்கள் தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பந்தலில் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்கள் முன்னால் இரண்டு கையையும் நீட்டுவார்கள். அவர்களும் கையை நீட்டித் தொட்டுக்கொள்வார்கள். பேச்சே இருக்காது. பெண்கள் அங்கிருக்கும் பெண்களைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். துக்கம் கேட்பது என்று இதற்குப் பெயர். பிள்ளைகளே, இதை முதலில் சொல்லிவிட்டால்தான் உங்கள் அத்தை, அதாவது என் தங்கச்சி, பிழைத்த விதம் உங்களுக்குப் புரியும்.

அவளுக்கு அப்போது இரண்டு வயது நிறையவில்லை. வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் திடீரென்று இருமினாள். கடலைத் தூசி என்று அம்மா தலையில் தட்டிவிட்டாள். இருமல் நின்றது. ஆனால் மறுநாளிலிருந்து மூச்சு விடும்போதெல்லாம் உள்ளே யாரோ விசில் ஊதுவதுபோல ஒரு சத்தம். கீரனூரில் ஒரு டாக்டர் சளி என்று மருந்து கொடுத்தார். கேட்கவில்லை. பிள்ளை அழுதால் உதடு கறுக்க ஆரம்பித்தது. அவரே பயந்து போய், இனி இங்கே வைத்திருக்காதீர்கள், பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டார்.

காலை பஸ்ஸில் போனோம். அம்மா தோளில் தங்கச்சி, அப்பா கையைப் பிடித்துக்கொண்டு நான். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் அப்பா நின்றுவிட்டார். அங்கே ஒரு பந்தல். பந்தலுக்குள் வெள்ளைக் கோட்டுப் போட்ட சின்ன வயது டாக்டர்கள், ஆண்கள் ஒரு பக்கம் பெண்கள் ஒரு பக்கமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் நெஞ்சிலும் கறுப்புத் துணி. ஒருவர் வாயிலும் பேச்சில்லை.

“பெரிய டாக்டரு யாரோ தவறிட்டாரு போல” என்றார் அப்பா.

வைத்தியத்துக்கு வந்த இடத்தில் துக்கம் கேட்காமல் உள்ளே நுழைவது மரியாதை இல்லை என்று அப்பாவுக்குப் பட்டது. செருப்பைக் கழற்றினார். துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்தார். அம்மாவைப் பெண் டாக்டர்கள் பக்கம் போகச் சொல்லிவிட்டு, முதலாவதாக உட்கார்ந்திருந்த தம்பி முன்னால் போய் இரண்டு கையையும் நீட்டினார்.

அந்தத் தம்பி திகைத்துவிட்டார். பிறகு எழுந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்தவரும் எழுந்தார், அதற்கடுத்தவரும். போராட்டத்துக்கு ஆதரவு தர ஒரு கிராமத்து மனிதர் வந்திருக்கிறார் என்று அவர்கள் எண்ணிக்கொண்டார்கள். ஒருவருக்குக் கண்கூடக் கலங்கிவிட்டது. அதைப் பார்த்த அப்பா, செத்தவர் ரொம்ப நல்லவர் போலிருக்கிறது என்று முடிவு கட்டினார்.

வெளியே சீட்டு வரிசையில் நின்ற திருமயத்துக்காரர் ஒருவர்தான் இதை உடைத்தார். குடலிறக்க ஆபரேஷனுக்காக முதல் நாளிலிருந்தே பட்டினி கிடந்து வந்தவர் அவர். இன்றைக்கு இல்லை, இன்னொரு நாள் வாருங்கள் என்று அவரைத் திருப்பிவிட்டிருந்தார்கள். அவருடைய கோபத்தில் நியாயம் இருந்தது.

“யோவ், இங்க யாரும் சாகலைய்யா. ஸ்டிரைக்கு. வேலை பாக்க மாட்டாங்களாம்” என்றவர் டாக்டர்களைப் பார்த்து, “படிச்சவங்க நீங்க ரோட்டுல உக்காந்தா, படிக்காதவன் நாங்க எங்கிட்டுப் போயி உக்கார்றது?” என்று கேட்டார்.

“இங்கிட்டே உக்காருங்கண்ணே, எடம் இருக்கு” என்றார் ஒரு டாக்டர். திருமயத்துக்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அப்பாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஸ்டிரைக் என்றால் பிள்ளையை யார் பார்ப்பார்கள்? துண்டை எந்தப் பக்கம் போடுவது என்று தெரியாமல் நின்றார்.

இதற்குள் அந்தப் பக்கம் அம்மா, பிள்ளையோடு சேர்த்தே ஒரு டாக்டரம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தாள். பல நாளாக அடக்கி வைத்திருந்த அழுகை அது. அந்த டாக்டரம்மா ஒல்லியாக, பெரிய வகுப்பில் படிக்கும் அக்கா மாதிரி இருப்பார். யாரென்றே தெரியாத ஒரு பெண் வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதால் யாராக இருந்தாலும் விலகத்தான் பார்ப்பார்கள். அவர் விலகவில்லை. முதுகைத் தடவிக் கொடுத்தார். இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தங்கச்சியின் நெஞ்சு அவர் காதோரம் வந்திருந்தது.

சட்டென்று அவர் முகம் மாறியது.

“அம்மா, அழுகையைக் கொஞ்சம் நிப்பாட்டுங்க.”

பிள்ளையின் முதுகில் ஒரு பக்கம் காதை வைத்தார். பிறகு மறுபக்கம் வைத்தார். மறுபடியும் முதல் பக்கம்.

“ஒரு பக்கம் காத்தே போகலை. வீட்டுல கடலை, புளியங்கொட்டை எதுவும் கீழ கெடந்துச்சா?”

“வெதைக்குக் கடலை ஒடைச்சோம் தாயி” என்றாள் அம்மா.

அவ்வளவுதான், பிள்ளையை வாங்கிக்கொண்டு அவர் ஓடினார். செருப்புகூடப் போடவில்லை. பந்தலில் இருந்த யாரும், ஸ்டிரைக் நடக்கும்போது எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. உயிருக்கு ஆபத்தானவர்களை மட்டும் பார்ப்பது என்று முதலிலேயே பேசி வைத்திருந்தார்களாம். இன்னும் இரண்டு பேர் அவர் பின்னால் ஓடினார்கள். ஒருவர், தனி ஆளாக நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த பெரிய டாக்டரை அழைத்துவரப் போனார். அவர் எழுந்து போனால் வரிசை மொத்தமும் நின்றுவிடும். கூட்டம் முணுமுணுத்தது. அப்போது திருமயத்துக்காரர்தான் குரல் கொடுத்தார்.

“பச்சப்புள்ளய மொதல்ல பாருங்க. நாங்க எங்க போயிடப் போறோம்.”

கதவு மூடியது. அப்பாவும் அம்மாவும் வராந்தாவில் சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கதவு திறந்தால் என்ன சொல்வார்களோ என்று, அம்மா அதைப் பார்க்காமல் என் தலையையே தடவிக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா வெளியே வந்தபோது கையில் ஒரு பஞ்சுத்துண்டு இருந்தது. அதில் ஊறிப்போன அரைக் கடலை. அப்பா காலில் விழப் போனார். அவர் பதறிப் பின்வாங்கி, “எடுத்தது பெரிய டாக்டருய்யா. நான் பாப்பாவுக்குக் காத்து மட்டுந்தான் குடுத்துக்கிட்டு இருந்தேன்” என்றார். அப்புறம் குழாயடியில் முகத்தைக் கழுவிவிட்டு நேரே பந்தலுக்குப் போய், எழுந்து வந்த அதே இடத்தில் உட்கார்ந்தார்.

இவ்வளவு நன்றாக வேலை தெரிந்தவர் ஏன் மறுபடியும் தரையில் போய் உட்கார வேண்டும்? அப்பாவைக் கேட்டேன். அவர் போய் விசாரித்துவிட்டு வந்தார். வார்டுக்கு ஒரே டாக்டர் இரவும் பகலும் நிற்க முடியவில்லை, கூட இன்னொருவர் வேண்டும் என்று கேட்கிறார்களாம்.

“எதுக்கு? இவங்க ஒருத்தர் இருந்தாலே போதும்ல” என்றேன். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்குத் தெரியவில்லை. அப்பாவும் ஆமாம் என்று தலையாட்டினார்.

நெஞ்சில் சளி கட்டியிருந்ததால் தங்கச்சியை வார்டில் வைத்திருந்தார்கள். சில நாளில் ஸ்டிரைக் முடிந்தது. இன்னொரு டாக்டர் வருவார் என்று சொல்லியிருந்தார்களாம், ஆனால் அதுவரை யாரும் வரவில்லை. அந்த டாக்டரம்மாதான் இரவும் பகலும் எல்லாக் கட்டிலுக்கும் ஓடிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் விடியற்காலை எங்கள் கட்டிலுக்கு வந்தார். காதில் குழாயை மாட்டி, தங்கச்சி நெஞ்சில் வைத்துக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. கட்டில் கம்பியில் நெற்றி முட்டி நின்றது. அம்மா வாயில் விரலை வைத்து என்னைப் பேசாதே என்றாள். பக்கத்துக் கட்டிலில் அழுத பிள்ளையை அதன் தாய் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். நர்ஸம்மா கையிலிருந்த தட்டைச் சத்தம் வராமல் கீழே வைத்தார். வார்டே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் ஒரு நொடி வைத்து எடுத்துவிடுகிறவர், எங்கள் தங்கச்சியின் நெஞ்சை மட்டும் எவ்வளவு நேரம் கேட்கிறார். அதுவும் கண்ணை மூடிக்கொண்டு, அவ்வளவு கவனமாக.