பீர்மேட்டு நாடகமும் என் வயிற்றெரிச்சலும்

பீர்மேட்டுக்குப் போகிறவர்கள் தேயிலையையும் மூடுபனியையும் பார்க்கப் போவார்கள். ஒரு நாடகம் படுதோல்வி அடைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டு போனவன் நான் ஒருவன்தான். எழுபதுகளின் நடுவில், ஒரு பிப்ரவரி. வீடு கல்பாத்தியில், பாலக்காட்டுக் கல்லூரி ஒன்றில் ஆங்கில ஆசிரியர் வேலை. ஏழு வருடமாக ஆண்டு விழாவில் என் ஆங்கில நாடகம்தான். பீர்மேட்டு எஸ்டேட் தொழிலாளர்கள் வெள்ளைக்காரர் பாணியில் நாடகம் போடுகிறார்கள் என்று கல்லூரி முதல்வர் காதில் யாரோ ஓதிவிட்டார்கள்.

"போய்ப் பாத்துட்டு ஒரு ரிப்போர்ட் கொடுங்கோ. நன்னா இருந்தா இந்த வருஷம் அவாளைக் கூப்பிடலாம்" என்றார். என் இடத்துக்கு ஆள் பார்த்துவர என்னையே அனுப்பினார்.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்குப் பஸ். திருச்சூரில் இட்லி, மதியம் ஒன்றரைக்குக் கோட்டயம். அங்கிருந்து மலைப் பாதையில் எழுபத்தைந்து கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம். எஸ்டேட்டுக்குக் கடைசி நான்கு கிலோமீட்டர் ஜீப், இரண்டு ரூபாய். நாடகம் எப்படி என்று டிரைவரிடம் நைசாக விசாரித்தேன்.

"அத ஏன் கேக்கீங்க சார், போன தடவ சிரிச்சுச் சிரிச்சு வயித்த வலி" என்றார். அன்றைக்கு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

நாடகக் குழுவின் தலைவர் மாடசாமி, தேயிலை ஃபாக்டரியில் இலையைப் பதம் பார்த்துத் தூளாக்கும் டீ மேக்கர். முன்பு துரைமார் கிளப்பில் பரிமாறுகிற வேலை பார்த்தவர். கல்லூரிக்குக் கூப்பிடலாமா என்று பார்க்க வந்திருக்கிறேன் என்றதும் உற்சாகமாகிவிட்டார்.

"கிறிஸ்மஸுக்குத் துரைமாருக நாடகம் போடுவாங்க சார். ஒரு துரை கவுன் மாட்டிக் கிழவியா வருவாரு. பாஷை புரியாது. எப்பச் சிரிக்காங்கன்னு மட்டும் கவனிச்சுக்கிடுவேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முந்நூறு நானூறு வருடத்துக்கு முன்பு லண்டனில் ஒரு பென்னி கொடுத்து நின்றுகொண்டே நாடகம் பார்த்த கூட்டத்தைப் பற்றி நான் பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்தவன். பின்னால் அங்கே வசன நாடகம் போடும் உரிமை ஒன்றிரண்டு அரங்குகளுக்கே என்று சட்டம் வந்ததும், மற்ற அரங்குக்காரர்கள் நடுவே பாட்டைச் செருகித் தப்பித்த கதையைத் தூக்கத்திலும் சொல்வேன். படித்தவன் நான். பார்த்தவர் அவர்.

ஞாயிறு மூன்று மணிக்கு நாடகம், காலையில் ஆட்களை எண்ணி வேலைக்கு அனுப்பும் களத்தில். மீசையை மழிக்காமலே மாடசாமி சேலை கட்டி, கதாநாயகனின் தாயாக வந்தார். நகைப்பெட்டியைத் திருட வில்லன் அவர் முதுகுக்குப் பின்னால் பதுங்கினான்.

"ஆத்தா, பின்னால பாரு" என்று கூட்டமே கத்தியது.

"எங்கிட்டுடா? ஒருத்தனையும் காணலியே" என்று அவர் வேண்டுமென்றே மறுபக்கம் திரும்பினார். மூன்று தடவை இதே கூத்து. நான் குறிப்பேடும் கையுமாக உம்மென்று உட்கார்ந்திருந்தேன். நான்காம் தடவை வில்லனின் கை பெட்டி மேலேயே விழுந்தது.

"அங்கே இல்லே, இந்தப் பக்கம் பாருங்கோ!"

கத்தியது நான்தான். எழுந்து வேறு நின்றிருந்தேன். களம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது.

"பாலக்காட்டு சார் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு மாடசாமி மறுபடியும் தப்பான பக்கமே திரும்பினார். கண்ணில் நீர் வரச் சிரித்தேன். என் ஏழு நாடகங்களில் ஒருவரும் இப்படிச் சிரித்ததில்லை.

திரும்பி வந்து அறிக்கை எழுதினேன்: "பார்வையாளர்களிடம் ஒழுங்கில்லை. கல்லூரி மேடைக்கு ஏற்றதல்ல." பொறாமைதான், வேறென்ன. முதல்வர் நம்பிவிட்டார். எட்டாவது நாடகமும் என்னுடையதே. எல்லோரும் மரியாதையாகக் கைதட்டினார்கள்.

போகிறவர்களுக்கு: ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள். வளைவுகளில் தலை சுற்றும். தொழிலாளர் குடியிருப்புக்குள் கேட்டுவிட்டுப் போங்கள், டீ கொடுக்காமல் அனுப்பமாட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து மாடசாமியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. "காலேஜுல கூப்புடலேன்னா பரவாயில்ல சார். எங்களுக்காக நீங்க நல்லாத்தான் சொல்லியிருப்பீங்க. அடுத்த மாசம் புது நாடகம். முன்வரிசையில உங்களுக்கு நாற்காலி போட்டு வைக்கேன்."

நான் போகவில்லை. பதிலும் போடவில்லை.