சேதியை மாற்றாத ஏழுமலை

அன்று வந்த போலீஸ்காரர் என் அம்மாவிடம், "உக்காருங்கம்மா" என்றார். அதைத்தான் நான் முதலில் கவனித்தேன். எங்கள் காலனியில் அவர் யாரிடமும் 'ங்க' போட்டுப் பேசியதில்லை. ஏதோ கெட்டது நடந்துவிட்டது என்று அப்போதே தெரிந்தது.

"நேத்து விடியக்காலையில தூக்குல போட்டுட்டாங்க. ஜெயிலுக்குள்ளவே அடக்கம் பண்ணிட்டாங்க" என்று சொல்லிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

இறந்தவர் என் சித்தப்பா ஏழுமலை. அப்பா போன பிறகு எங்களுக்குச் சோறு போட்டவர். திண்டிவனத்துக்குப் பக்கத்தில், எங்கள் ஊர்ப் பெரிய வீட்டில் பண்ணையாளாக இருந்தார். அந்த வீட்டில் யார் இறந்தாலும் உறவுக்காரர்களின் ஊர்களுக்குப் போய் எழவு சொல்பவரும் அவரே. வாசலுக்கு வெளியே நின்று, செத்தவர் பேரையும் எடுக்கும் நேரத்தையும் சொல்லுவார். சொல்லி முடிக்கும்வரை தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்.

"குடுத்த சேதிய அப்படியே சொல்லணும். நம்ப வாய நம்பித்தான அவங்க கெளம்பி வராங்க?" என்பார்.

எனக்கு வெளியாட்களிடம் பேச்சே வராது. "உன்ன எழவு சொல்ல அனுப்புனா, பொணம் பத்து நாளு காத்துக்கினு கெடக்கும்" என்று கேலி செய்வார்.

கிணற்றுத் தண்ணீர்த் தகராறில் பக்கத்து நிலத்து அண்ணன் தம்பி இருவரையும் வெட்டிக் கொன்றது பெரிய வீட்டு மகன். சித்தப்பா அப்போது அங்கேதான் மடை திருப்பிக்கொண்டிருந்தார். ஓடி வந்து எங்களிடம் அதைச் சொன்னார். சற்று நேரத்தில் அவனுடைய அப்பா, பெரிய வீட்டுப் பெரியவர், எங்கள் தெருவுக்கே வந்தார். அதற்கு முன் அவர் அங்கே கால் வைத்ததில்லை.

"ஏழுமல, நீ வெட்டனன்னு சொல்லிடு. மெட்ராஸ் வக்கீல வச்சி ஜல்தியா வெளிய எடுத்துடறேன். என் புள்ள மேல சத்தியம்."

சித்தப்பா அந்தச் சேதியையும் மாற்றவில்லை. போலீஸிலும் அதையே சொன்னார், கோர்ட்டிலும் அதையே சொன்னார். மெட்ராஸ் வக்கீல் வந்தார், மகனுக்காக. சித்தப்பாவுக்குச் சர்க்கார் கொடுத்த வக்கீல் அவருடன் உட்கார்ந்து பேசியதே இல்லை. செத்தவர்கள் வீட்டார் மகன் பேரையும் கொடுத்திருந்ததால், மகனும் சித்தப்பாவும் ஒரே கூண்டில்தான் நின்றார்கள். மகன் விடுதலையாகி, விழுப்புரத்தில் பெண் எடுத்தான். சித்தப்பாவுக்குத் தூக்கு. நான் எட்டாவதை விட்டுவிட்டு, கூலிக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைக்கப் போனேன்.

ஜெயிலில் பார்க்கப் போனபோது, கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து, "பெரியவரு வராரா அண்ணி?" என்று கேட்டார்.

"எங்க வராரு? மல்லாட்ட வித்துக்கினு இருக்காரு" என்றார் அம்மா.

"இருக்கட்டும். அறுப்பு நேரம். முடிச்சிட்டு வருவாரு."

அப்பீல் தள்ளுபடியானது. கருணை மனுவும் தள்ளுபடியானது. பெரியவர் வரவேயில்லை.

எங்களுக்கு எழவு சொல்ல ஆள் இல்லை. சொல்ல வேண்டியவரே இறந்துவிட்டார். போய் வாருங்கள், சித்தப்பா. பிணம் எனக்காகக் காத்திருக்கவில்லை.

பெரிய வீட்டு வாசலுக்கு வெளியே போய் நின்றேன். சாப்பிட்டுக் கை கழுவ வந்த பெரியவர், "யாரு, ஏழுமல வீட்டுப் பொண்ணா? வேல கீல வேணுமா?" என்றார்.

"ஏழுமல செத்துட்டாருங்க. நீங்க குடுத்த சேதிய சொன்னதுக்குத் தூக்குல போட்டுட்டாங்க. எடுக்கற நேரம் கெடையாது."

அவர் சொம்பைக் கீழே வைத்தார். நான் முண்டியம்பாக்கத்து அத்தைக்குச் சொல்லப் பஸ் ஏறினேன்.